ஏர் ரைஃபிள் ரவைகளை வீட்டிலேயே பிரித்தெடுத்துத் தயார் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

சோமனூர் பக்கம் இருக்கும் எங்கள் தறி குடோனில் ஒரு காலத்தில் எட்டுத் தறிகள் ஓடின. அவற்றில் பாதியைக் கழற்றி விற்றபின், சுவரோரமாக ஒரு நீண்ட வெற்றுத் தரை கிடைத்தது. அளந்து பார்த்தபோது பன்னிரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. என் அண்ணன் மகள் நான்கு ஆண்டுகளாக அங்கேதான் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். பத்து மீட்டர் தூரத்தில் உள்ள குறியைக் காற்றுத் துப்பாக்கியால் சுடும் போட்டி அது.

சென்ற ஆண்டு அவளுடைய புள்ளிகள் திடீரென்று சரிந்தன. பயிற்சியாளர் நிற்கும் முறையைத் திருத்தினார், மூச்சுப் பயிற்சி கொடுத்தார். அவளும் இரண்டு வாரம் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டாள். கடைசியில் ரைஃபிளைக் கிளாம்பில் பூட்டி, ஆள் கை படாமல் சுட்டுப் பார்த்தோம். அப்போதும் ரவைகள், அதாவது அதில் போடும் சிறு ஈயக் குண்டுகள், ஓரிடத்தில் விழாமல் சிதறின. புதிதாக வாங்கிய டப்பாவும் பழையதும் நிறம், பெயர், விலை எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்தன. அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த தொகுதி எண் மட்டும் வேறு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த டப்பாவும் சோதனை இல்லாமல் ரைஃபிளுக்குள் போவதில்லை. அந்தச் சோதனையையும் தயாரிப்பையும்தான் இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

தோட்டா உறையில் மறுபடி மருந்து நிரப்பலாமா?

ஆனைகட்டி, சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர்கள் சிலர் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். வெளிநாடுகளில் சுட்டு முடித்த பித்தளை உறையை எடுத்து மறுபடி மருந்து நிரப்புகிறார்களே, நாமும் செய்தால் என்ன என்று அவர்கள் என்னிடம் கேட்பது உண்டு. உறை மறுமுறை பயன்படுவதற்குக் காரணம் பித்தளையின் குணம். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த அந்தக் கலவை, வெடிக்கும் கணத்தில் விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சுருங்கி விடுபடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறை விரியும்போதும் உலோகம் இறுகுகிறது, ஒரு கட்டத்தில் கழுத்தில் கீறல் விடுகிறது.

அது அறிந்துகொள்ள நல்ல செய்தி. நம் வீட்டில் செய்யும் வேலை அல்ல. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5 ஆவது பிரிவில், உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. மீறினால் கடுமையான சிறைத் தண்டனை உண்டு. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், மருந்தின் அளவு சிறிது பிசகினால் குழல் முகத்தருகே வெடிக்கும். துப்பாக்கி உரிமம் இருக்கிறது என்பதற்காகத் தோட்டா தயாரிக்கும் உரிமையும் வந்துவிடாது. காலி உறைகளைப் பற்றி உரிமம் கொடுத்த அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

நாம் வீட்டில் உட்கார்ந்து பக்குவப்படுத்தக் கூடியது ஏர் ரைஃபிள் ரவை. கடையில் பெல்லட் என்று கேட்டால் கொடுப்பார்கள். இதில் மருந்தும் இல்லை, உறையும் இல்லை. அழுத்தப்பட்ட காற்றுதான் தள்ளுகிறது. 0.177 அங்குலத்துக்கு, அதாவது நாலரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழலோ, 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டும். போட்டிக்கான பத்து மீட்டர் ரைஃபிளின் ஆற்றல் ஏழெட்டு ஜூல்தான். அது அந்த வரம்புக்குள் வந்துவிடும். இருந்தாலும் அடையாளச் சான்றைக் கொடுத்து, பில்லோடு வாங்கி, அந்தப் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல்லடம், சூலூர், உடுமலை எங்கும் தோட்டத்துக்குத் தோட்டம் மயில் நிற்கிறது. பயிரைக் கொத்துகிறது என்பதும் உண்மை. அதற்காக ஏர் ரைஃபிளைத் தூக்குவது 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பெரும் குற்றம். காகிதக் குறியைத் தவிர வேறு எதையும் நோக்கி இந்த ரைஃபிள் திரும்பக் கூடாது.

எதற்காக இத்தனை நுணுக்கம்?

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் குறியின் மொத்த விட்டம் 45.5 மில்லிமீட்டர். நடுவில் உள்ள, பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான். ரவையின் விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்பதால் அதன் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும். அப்படியென்றால் ரவையின் மையம் குறியின் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். இப்போது தசமப் புள்ளியில் கணக்கிடுகிறார்கள். 10.9 முதல் 10.0 வரை பத்துப் படிகள் இருக்கின்றன. ஒரு படி கால் மில்லிமீட்டர். அறுபது ரவை சுடும் போட்டியில், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு படி நழுவினால் மொத்தத்தில் ஆறு புள்ளி போய்விடும்.

2008 இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012 இல் லண்டனில் ககன் நாரங் வெண்கலம் வென்றதும் இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் நிற்பதும் இதே பத்து மீட்டரில்தான். அவர்கள் அளவுக்கு நாம் போகாவிட்டாலும், நாம் சுடும் குறியும் அதே அளவுதான்.

ரவையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வேலையைத் தொடங்குமுன் ஒரு ரவையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடுக்கை வடிவம். நம் ஊர்க் கோயில் திடலில் அண்ணன்மார் கதை பாடும்போது அடிக்கும் உடுக்கையின் அதே ஒடுங்கிய இடுப்பு. முன்புறம் தட்டையான தலை இருக்கிறது. காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டி எடுப்பது அந்தத் தட்டைத் தலைதான். பின்புறம் உட்குழிந்த மெல்லிய பாவாடை. காற்று பின்னாலிருந்து அறையும்போது இந்தப் பாவாடை விரிந்து குழலின் சுவரை அடைக்கிறது, குழலின் உள்வரிகளைப் பிடித்துக்கொண்டு சுழல்கிறது. ரவையிலேயே மிக மெல்லிய பகுதியும் அதுதான், எளிதில் நசுங்குவதும் அதுதான்.

போட்டி ரவையின் எடை 0.53 கிராம் அளவில் இருக்கும். பொற்கொல்லர்களின் பழைய கணக்கில் சொன்னால் நான்கு குன்றிமணிக்குச் சற்று மேல். டப்பாவின் மேல் 4.49, 4.50, 4.51 என்று தலையின் அளவு போட்டிருக்கும். எது சிறந்தது என்று கடைக்காரரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. உங்கள் குழலுக்கு எது பொருந்துகிறதோ அதுதான் சிறந்தது.

முதல் வேலை: இடமும் கருவிகளும்

சமையலறை மேடையும் சாப்பாட்டு மேசையும் இந்த வேலைக்கு ஆகாது. ரவை ஈயத்தால் ஆனது, ஈயம் நஞ்சு. திண்ணையிலோ மாடி அறையிலோ தனியாக ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணி ஒன்று, மெல்லிய கையுறை, சட்டத்திலிருந்து கழற்றிய பழைய படக் கண்ணாடி ஒன்று, வெர்னியர் அளவுகோல், மூடி உள்ள சிறிய டப்பாக்கள் ஐந்தாறு, ஒரு நோட்டு. கடைசியாக ஒரு நகைத் தராசு. மில்லிகிராம் வரை காட்டும் தராசாக இருக்க வேண்டும். தங்க நகைப் பட்டறைகள் நிறைந்த கோவையில் அது கிடைப்பது சிரமமில்லை. இந்தப் பலகையில் பயன்படுத்தும் கிண்ணமோ தட்டோ மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. அவற்றில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இரண்டாவது வேலை: கண்ணால் பிரிப்பது

டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். ஐந்நூறு ரவைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அந்த விழுதலிலேயே பத்துப் பதினைந்து பாவாடைகள் நசுங்கிவிடும். டப்பாவைத் துணியின் மேல் படுக்கவைத்து, மெல்லச் சாய்த்து, பாதி பாதியாக வழியவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பாவாடையின் வாயைப் பாருங்கள். வட்டம் முழுமையாக இருக்கிறதா, ஓரத்தில் நெளிவோ பிசிரோ இருக்கிறதா, உள்ளே ஈயத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா? அடுத்து தலையைத் திருப்பி, தட்டையான முகத்தில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இடுக்கியால் எடுக்க வேண்டாம். இடுக்கியின் முனை பாவாடையை நசுக்கும். கையுறை போட்ட விரல்களால் இடுப்பைப் பிடித்து, முல்லைப் பூவைக் காம்பில் பிடித்து எடுப்பதுபோல் எடுங்கள். முதல் நாள் ஒரு டப்பாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பத்தாவது டப்பா வரும்போது கண் தானாகவே குறையைப் பிடித்துக்கொடுக்கும். குறையுள்ளவற்றை எறிய வேண்டாம். ரைஃபிள் தூக்கிப் பழகும் நாட்களில், புள்ளி எண்ணாமல் சுடுவதற்கு அவை உதவும். பாவாடை முழுவதுமாக மடிந்தவற்றை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அவை குழலுக்குள் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது வேலை: கண்ணாடியில் உருட்டுவது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செலவும் இல்லை. எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால் அது நேராகப் போகாது. வாய் பெரிது, அடி சிறிது என்பதால் வளைந்து போகும். ரவையும் அப்படித்தான். தலையைவிடப் பாவாடை சற்று அகலம் என்பதால் வில்போல வளைந்து உருளும். இரண்டு ரவைகளின் தலையும் பாவாடையும் ஒரே அளவில் இருந்தால் வளைவும் ஒன்றாக இருக்கும்.

கண்ணாடியின் ஒரு முனைக்குக் கீழே நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். மேல் முனையில் பேனாவால் ஒரு கோடு. எல்லா ரவைகளையும் தலை ஒரே பக்கம் பார்க்க, அந்தக் கோட்டில் வைத்து விடுங்கள். தள்ளக் கூடாது, விரலை எடுத்தால் போதும். கீழே வந்து சேரும் இடத்தில் பெரும்பாலானவை ஒரு விரற்கடை அகலத்துக்குள் குவியும். சில அதிகமாக வளைந்து பக்கவாட்டில் போகும். சில தள்ளாடிக்கொண்டே இறங்கும். தள்ளாடுவது கண்ணுக்குத் தெரியாமல் நசுங்கியது. நடுவில் குவிந்தவை முதல் டப்பாவுக்கு, பக்கவாட்டில் போனவை இரண்டாம் டப்பாவுக்கு. தள்ளாடியவை பழக்கத்துக்கு.

மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஜன்னல் வழியாக நுழைந்து ரவைகளை இஷ்டத்துக்கு உருட்டும். அந்த மாதங்களில் நான் இதை விடிகாலையில்தான் செய்கிறேன்.

கழுவ வேண்டுமா?

போட்டி ரவை சுத்தமாகத்தான் வரும். வெள்ளைத் துணியில் கறுப்புத் தூள் அதிகமாக ஒட்டினால் மட்டும் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, தனிக் கிண்ணத்தில் மெல்ல அலசி, இரண்டு முறை நல்ல நீரில் அலசி, துணியில் பரப்பி உலர்த்தினால் போதும். உப்புத் தண்ணீர் ஆகாது. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உலர்ந்த பிறகு எவர்சில்வர் குடத்தில் வெள்ளைப் படிவு விடுகிறது அல்லவா, அதே படிவு ரவையிலும் நிற்கும். சிறுவாணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது. கழுவிய நீரைச் செடிக்கும் கிணற்றடிக்கும் ஊற்ற வேண்டாம்.

புளி போட்டுத் துலக்கலாமா என்று என் அத்தை கேட்டார்கள். பித்தளைக் குடத்துக்குப் புளி மருந்துபோல வேலை செய்யும். ஈயத்தைப் புளியின் அமிலம் கரைக்கும், அந்த நீர் நஞ்சாகும். வேண்டவே வேண்டாம்.

கழுவிய ரவையின் மேலிருந்த மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் போய்விடும் என்பதால், நாளடைவில் வெள்ளைப் பொடி பூக்கும். ரைஃபிள் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் எண்ணெயில் ஒரு சொட்டைத் துணியில் தேய்த்து, அந்தத் துணியில் ரவைகளை ஒருமுறை புரட்டி எடுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். ஸ்பிரிங் வைத்த பழைய வகை ஏர்கன் வைத்திருப்பவர்கள் எண்ணெயே தடவ வேண்டாம். அதில் காற்று அழுந்திச் சூடேறும்போது எண்ணெய் பற்றிக்கொள்ளும், உள்ளே இருக்கும் வாஷர் கெடும்.

நான்காவது வேலை: எடை போடுவது, எந்த அளவுக்குப் போடுவது

எல்லோரும் முதலில் தராசைத்தான் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு மில்லிகிராம் வித்தியாசத்துக்கு ஒரு டப்பா என்று பன்னிரண்டு டப்பாக்கள் வரை பிரித்தேன். பிறகு ஒரு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை நீங்களும் பாருங்கள்.

ரவை குழலை விட்டுக் கிளம்பும் வேகம் வினாடிக்கு 170 மீட்டர் அளவு. பத்து மீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் நூற்றில் ஆறு பங்கு நேரம் ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் கீழே இழுத்துவிடும். எடை ஒரு சதவீதம் கூடினால், அதாவது ஐந்து மில்லிகிராம் கூடினால், வேகம் அரைச் சதவீதம் குறையும். விழும் தூரம் ஒரு சதவீதம் கூடும். 18 மில்லிமீட்டரில் ஒரு சதவீதம் 0.18 மில்லிமீட்டர். ஒரு தசமப் படிக்கும் குறைவு.

ஐந்து மில்லிகிராமுக்குள் இருக்கும் வித்தியாசத்தைத் துரத்துவதில் பயனில்லை. இருபது மில்லிகிராம் வித்தியாசம் என்றால் முக்கால் மில்லிமீட்டர் அளவு, மூன்று படி. அப்படிப்பட்ட ரவையைக் கட்டாயம் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். ஆகவே இப்போது நான் மூன்று டப்பாக்கள்தான் வைக்கிறேன். நடு எடையிலிருந்து இருபுறமும் மூன்று மில்லிகிராமுக்குள் இருப்பவை போட்டிக்கு. அதற்கு மேல் கனமானவை ஒரு டப்பா, லேசானவை ஒரு டப்பா. கடைசியாகப் பிரித்த டப்பாவில் மிக லேசானது 0.526 கிராம், மிகக் கனமானது 0.538. அந்த டப்பாவுக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கவே வேண்டாம். மலிவான ரவைகளில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு இருக்கும், தராசு அங்கே தன் விலையைத் திருப்பிக் கொடுக்கும்.

தராசைப் போட்டவுடன் எடை பார்க்காதீர்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு, கூடவே வரும் எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஐம்பது ரவைக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் குடோனில் தறி ஓடினால் எண்கள் நடுங்கும். எங்கள் தெருவில் மின்தடை நேரம்தான் நல்ல நேரம், பேட்டரித் தராசாக இருந்தால்.

ஐந்தாவது வேலை: உங்கள் குழலே தீர்ப்புச் சொல்லட்டும்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். நேரம் குறைவாக இருப்பவர்கள் தராசைக்கூட விட்டுவிடலாம், இதை விடக் கூடாது.

ரைஃபிளை அசையாமல் பூட்ட வேண்டும். தறிகளைக் கழற்றியபோது ஒரு தறியின் வார்ப்பிரும்புச் சட்டத்தைத் தரையில் போல்ட் போட்டபடியே விட்டுவிட்டோம். அதன்மேல் கிளாம்ப் அமைத்தோம். அது அசையவே அசையாது. உங்களிடம் அப்படி ஒன்று இல்லாவிட்டால், கனமான மேசையும் இரண்டு மணல் மூட்டைகளும் போதும். கிளாம்பின் வாயில் தடித்த ரப்பர் வைத்து, ரைஃபிளின் கட்டையைப் பிடியுங்கள். குழலையும் காற்றுச் சிலிண்டரையும் ஒருபோதும் இறுக்கக் கூடாது.

குறி நிற்கும் இடம் சுடும் கோட்டிலிருந்து சரியாகப் பத்து மீட்டர், மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம். அதற்குப் பின்னால் கீழ்நோக்கிச் சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெட்டி. ரவை அடித்ததும் தெறிக்காமல் கீழே விழ வேண்டும். அதற்கும் பின்னால் சுவரோடு மணல் மூட்டை அடுக்கு. குறிக்கும் சுடுபவருக்கும் நடுவில் கதவோ ஜன்னலோ இருந்தால் உள்ளிருந்து தாழிட்டு, மேலே பலகை அடித்துவிடுங்கள். எங்கள் குடோனில் பக்கவாட்டுக் கதவு ஒன்று இருந்தது. பாட்டி பூப்பறிக்க அதன் வழியாகத்தான் குறுக்கே போவார்கள். முதல் வேலையாகச் செங்கல் வைத்து அடைத்தோம்.

புதிய டப்பாவிலிருந்து முதல் இருபது ரவைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பழைய ரவையின் ஈயப் படிவு போய், புதியது குழலில் படியட்டும். பிறகு ஒரு குறி அட்டைக்குப் பத்து ரவை வீதம் ஐந்து அட்டைகள் சுடுங்கள். அவசரப்படாமல், சீரான இடைவெளியில்.

ஒவ்வோர் அட்டையிலும் துளைகள் சேர்ந்து ஒரே பெரிய துளையாக இருக்கும். அதன் மிக அகலமான வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வெர்னியரால் அளந்து, 4.5 மில்லிமீட்டரைக் கழியுங்கள். மீதிதான் சிதறல். அண்ணன் மகளின் பழைய தொகுதியில் அகலம் 7.1 மில்லிமீட்டர். சிதறல் 2.6. மையத்திலிருந்து எந்தப் பக்கமும் 1.3 மில்லிமீட்டருக்கு மேல் போகவில்லை. அவள் கை ஆடாமல் இருந்தால் எல்லா ரவையும் 10.4 அல்லது அதற்கு மேல். சரிந்த தொகுதியில் அகலம் 9 மில்லிமீட்டர். சிதறல் 4.5. ஓரத்து ரவை, எந்தத் தவறும் செய்யாமலே, 10.1 க்கும் 10.0 க்கும் நடுவே உள்ள எல்லையில் வந்து நிற்கிறது. சுடுபவரின் கை ஒரு மயிரிழை ஆடினாலும் ஒன்பதுக்கு இறங்கிவிடும். அந்த இரண்டு அட்டைகளையும் அவளுக்குக் காட்டியபோதுதான் அவள் முகத்தில் நிம்மதி வந்தது.

ஐந்து அட்டைகளில் மிக அழகானதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு நல்ல அட்டை தற்செயலாகவும் வரும். ஐந்தின் சராசரியைப் பாருங்கள். இரண்டு தொகுதிகள் நெருக்கமாக இருந்தால் இன்னும் ஐந்து அட்டை சுடுங்கள். பொருத்தமான தொகுதி கிடைத்ததும் அதே தொகுதி எண் உள்ள டப்பாக்கள் கடையில் எத்தனை இருக்கின்றனவோ, கையில் பணம் எவ்வளவு இருக்கிறதோ, அத்தனை வாங்குங்கள். அடுத்த மாதம் போனால் அந்த எண் இருக்காது.

நோட்டில் தேதி, தொகுதி எண், தலையின் அளவு, அட்டைகளின் அகலம், குழலைக் கடைசியாகத் துடைத்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். அட்டைகளையும் தேதி போட்டுக் கட்டிவையுங்கள்.

சுட்ட ரவையை மறுபடி பயன்படுத்தலாமா?

முடியாது. தகட்டில் மோதிய ரவை தட்டையான வில்லையாகிவிடுகிறது. தட்டிச் சரிசெய்து மறுபடி போட்டால் குழலில் மாட்டும். உருக்கி வார்க்கலாமே என்பார்கள். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், விறகடுப்பே போதும். உருக்கும்போது எழும் தூளும் புகையும் மூச்சோடு உள்ளே போகும், அடுப்படி முழுவதும் படியும். வீட்டில் உருக்காதீர்கள்.

இதைவிட ஆபத்தான ஒரு குழப்பம் நம் பகுதியில் இருக்கிறது. அனுப்பர்பாளையத்துப் பித்தளைப் பாத்திரம் இல்லாத வீடு கொங்கு நாட்டில் குறைவு. அந்தப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறோம், ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோம். ரவையில் இருப்பதும் ஈயம்தானே என்று ஒருவர் சுட்ட ரவைகளைச் சேர்த்துவைத்துப் பூச்சுக்காரரிடம் கொடுக்கப் போனதை நானே தடுத்தேன். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், ரவையில் இருப்பது காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். காரீயம் பூசிய பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் குடும்பத்துக்கே நஞ்சு வைத்ததாகும். சுட்ட ரவைகளை மூடி உள்ள வாளியில் சேர்த்து, ‘காரீயம், தொடாதே’ என்று எழுதி ஒட்டி, பழைய பேட்டரி ஈயத்தை முறையாக மறுசுழற்சி செய்யும் அனுமதி பெற்ற இடத்துக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கையும் தரையும்

உடம்பில் ஈயம் இவ்வளவு சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், கருவுற்ற பெண்களுக்கும் ஆகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அதன் பிறகுதான் தண்ணீர்ச் செம்பைத் தொட வேண்டும். பிரிக்கும்போதும் சுடும்போதும் முறுக்கு, கடலை எதுவும் பக்கத்தில் வேண்டாம். சிலர் அடுத்த ரவையை உதட்டில் கவ்விக்கொள்வார்கள், அந்தப் பழக்கத்தை முதல் நாளிலேயே நிறுத்துங்கள். குறிப் பெட்டியைச் சுற்றி விளக்குமாறு போட்டுப் பெருக்கினால் தூள் எழும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். சுடும்போது போடும் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

காற்று நிரப்பும்போது

ரவை எவ்வளவு சீராக இருந்தாலும் காற்று சீராக இல்லாவிட்டால் பயன் இல்லை என்பதால் இதையும் சேர்க்கிறேன். போட்டி ரைஃபிளின் சிலிண்டரில் 200 பார் வரை காற்று அடைக்கிறோம். அது உலர்ந்த காற்றாக இருக்க வேண்டும். மெல்ல நிரப்ப வேண்டும், வேகமாக நிரப்பினால் சூடேறும். சிலிண்டரில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பத்தாண்டு தாண்டியதைப் போட்டிக்கு எடுத்துப் போக முடியாது, வீட்டிலும் பயன்படுத்தக் கூடாது.

கோவையைச் சுற்றிப் பட்டறைகளுக்குக் குறைவில்லை, வெல்டிங் ஆக்சிஜன் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. அதை ரைஃபிள் சிலிண்டரில் நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அழுத்தப்பட்ட ஆக்சிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் தீப்பொறி இல்லாமலே வெடிக்கும். காற்று மட்டும்தான்.

போட்டிக்கு எடுத்துச் செல்வது

துளையிட்ட ஸ்பாஞ்சு வைத்த பெட்டிகள் கிடைக்கின்றன. ஒரு துளைக்கு ஒரு ரவை, தலை கீழே, பாவாடை மேலே. போட்டியில் சுடுவது அறுபது. அதற்கு முன் உள்ள பதினைந்து நிமிடத் தயாரிப்பு நேரத்தில் குறி சரிபார்க்க முப்பது நாற்பது ரவை வரை ஆகும். அவையும் அதே தொகுதியிலிருந்து இருக்க வேண்டும். மொத்தம் நூற்றிருபது எண்ணி அடுக்குங்கள். பெட்டியின் மூடிக்கு உட்புறம் தொகுதி எண்ணைப் பென்சிலால் எழுதிவையுங்கள். பஸ்ஸில் போனால் பெட்டி மடியில் இருக்கட்டும்.